மென்பொருளைப் பராமரிப்பவருக்குப் பதவி உயர்வு கிடையாதா?

அலுவலகத்தில் ஊழியர் மதிப்பீட்டுக் காலம் வந்தாலே வயிறு எரிகிறது. எங்கள் குழுவில் ஒரு பெண் இருக்கிறார். பணம் செலுத்தும் சர்வர் நள்ளிரவில் படுத்துவிட்டால் அவருடைய கைப்பேசிதான் முதலில் அலறும். பழைய நிரலில் எந்த மூலையில் என்ன கோளாறு ஒளிந்திருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. அவருக்குக் கிடைத்ததோ 'எதிர்பார்ப்பை நிறைவு செய்தார்' என்ற ஒற்றை வரி. பதவி உயர்வு யாருக்கு? புள்ளிவிவரங்களைத் திரையில் தொகுத்துக் காட்டும், யாரும் கேட்காத டாஷ்போர்டு ஒன்றைச் செய்து, துணைத்தலைவர் முன் வண்ண வண்ணமாக ஸ்லைடு காட்டியவருக்கு! அதை இன்று திறந்து பார்க்க ஆளில்லை. பராமரிக்கும் பொறுப்பும் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழுந்திருக்கிறது.

மேலாளரைக் கேட்டால், "எந்தத் தரத்தில் எத்தனை பேர் என்ற விகிதத்துக்குள் அடக்க வேண்டும், என் கையில் ஒன்றுமில்லை" என்று கைவிரிக்கிறார். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் ஊழியர்களை மேல்தட்டு 20, நடுத்தட்டு 70, அடித்தட்டு 10 சதவீதமாகக் கூறுபோட்டாரே, அதே வழக்கம். மைக்ரோசாஃப்ட் இத்தகைய தரவரிசையை 2013-இலேயே கைவிட்டுவிட்டது. இங்கே பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு தொடர்கிறார்கள். எல்லோரும் நன்றாக உழைத்த குழுவிலும் ஒருவரைக் கீழே தள்ளியே ஆக வேண்டுமாம். பிறகு பக்கத்து இருக்கைக்காரருக்கு யார் மனம் திறந்து உதவுவார்கள்?

பழுது நீக்கிய இரவுகளை எழுதுவதற்கும் மதிப்பீட்டுப் படிவத்தில் ஓர் இடம் ஒதுக்குங்கள். அதை எழுதியவரையும் தரத்தை முடிவு செய்யும் கூட்டத்துக்குள் கூப்பிட்டுக் கேளுங்கள்.