கண்டுபிடித்துவிட்டீர்களா, மகிழ்ச்சி

‘த்ரிஷ்யம்’ என்ற மலையாளப் படத்தின் மூன்றாம் பாகத்துக்காகக் காத்திருக்கிறேன் என்று நான் எழுதிய நான்கு வரிப் பதிவின் கீழே நடந்த கூத்தை உங்களில் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக அதை முதலிலிருந்து விவரிக்கும் பொறுமை எனக்கு இல்லை. நான் மதிக்கும் நண்பர் ஒருவர், இரண்டாம் பாகத்தையே பாதியில் கண்டுபிடித்துவிட்டதாகவும் மூன்றாவதில் புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது என்றும் கேட்டுவிட்டு, தாம் கண்டுபிடித்ததற்குச் சான்றாக அந்தப் படத்தின் முடிவை எண் போட்டு வரிசையாக எழுதிவைத்தார். சிரிப்புக் குறிகள் குவிந்தன. கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை, இந்த வார இறுதியில்தான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று இருந்ததாக வருத்தத்துடன் எழுதினார். அதற்கும் சிரிப்புக் குறிதான் பதிலாகக் கிடைத்தது.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. “முன்பே கண்டுபிடித்துவிட்டேன்” என்பது ஒரு படத்தைப் பற்றிய விமர்சனம் ஆகாது. அது உங்களைப் பற்றிய ஒரு தகவல். மகிழ்ச்சியான தகவலாகவே இருக்கட்டும், ஆனால் படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஜீத்து ஜோசப் 2013 டிசம்பரில் எடுத்து வெளியிட்ட முதல் பாகத்தை நினைத்துப் பாருங்கள். தன்னை மிரட்டிய இளைஞனை மூத்த மகள் அடிக்க, அவன் இறந்துபோகிறான், குடும்பத்தைக் காப்பாற்ற அப்பா அதை மறைக்கிறார். கொலை நம் கண் முன்னால் நடக்கிறது. யார் கொன்றது, ஏன் கொன்றது, யார் மறைத்தது என்று எல்லாமே நமக்குத் தெரியும். உடல் எங்கே என்ற ஒன்றைத் தவிர இயக்குநர் நம்மிடம் அனேகமாக எதையும் மறைக்கவில்லை. காவல்துறைக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருப்பதுதான் அந்தப் படத்தில் நம்மைப் பிடித்து உட்கார வைக்கிறது. இந்தக் கதையைக் கன்னடத்தில் ரவிச்சந்திரனும், தெலுங்கில் வெங்கடேஷும், தமிழில் ‘பாபநாசம்’ என்று கமல்ஹாசனும், இந்தியில் அஜய் தேவ்கனும் நடித்தார்கள், சிங்களத்தில் வந்தது, 2019-இல் சீனத்திலும் வந்தது, அங்கே மட்டும் அப்பா கடைசியில் சரணடைந்துவிடுவார். முடிவு தெரிந்தவர்களுக்குப் படம் செத்துவிடும் என்றால், மலையாளத்தில் பார்த்த பிறகும் தமிழில் பார்க்கப் போன அத்தனை பேரும் என்ன பைத்தியக்காரர்களா?

2015-இல் ‘பாபநாசம்’ படத்தை நான் திருநெல்வேலியில் பார்த்தேன். அடுத்த இருக்கையில் இருந்த பெரியவர் மலையாளத்திலேயே பார்த்துவிட்டு வந்தவர் என்பது முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது, ஏனென்றால் “இப்பம் பாரு, காரைக் கொண்டு தண்ணிக்குள்ள தள்ளுவான்” என்று மனைவிக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் விசாரணை என்ற பெயரில் அந்தச் சின்னப் பெண்ணைப் போலீஸ்காரர் அடிக்கத் தொடங்கியதும் அதே மனிதர் இருக்கையிலிருந்து பாதி எழுந்து, “ஏலேய், பச்சப் பிள்ளைய விடுலே” என்று திரையைப் பார்த்துக் கத்தினார். அடுத்து என்ன நடக்கும், தோண்டினால் என்ன கிடைக்கும் என்று எல்லாம் தெரிந்தவர் அவர். பக்கத்தில் இருந்த மனைவி அவர் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்துத்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது. அவருக்கு விமர்சனம் எழுதத் தெரியாது. ஆனால் அவர் படம் பார்த்தார்.

இப்போது சிலர் கேட்பீர்கள்: முடிவு தெரிந்தாலும் ரசிக்கலாம் என்றால், நண்பர் முடிவை எழுதியதற்கு எதற்கு இவ்வளவு கோபம்? நல்ல கேள்வி என்று நினைத்துக்கொண்டுதான் கேட்பீர்கள். தெரிந்தே மறுபடி பார்ப்பது அந்தப் பெரியவர் தாமாக எடுத்த முடிவு. அந்தத் தங்கைக்கு அந்த உரிமையை யாரும் கொடுக்கவில்லை. முதன்முறை பார்ப்பதும் மறுமுறை பார்ப்பதும் இரண்டு வேறு இன்பங்கள், ஒன்றைப் பறித்துவிட்டு இன்னொன்று இருக்கிறதே என்று ஆறுதல் சொல்ல நீங்கள் யார்? முதல் பாகத்தைப் பற்றி நீயே இங்கே வெளிப்படையாக எழுதுகிறாயே என்பீர்கள். அது வெளியாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன, ஊரே அறிந்த கதை. அப்படியானால் இரண்டாம் பாகத்துக்கு அந்தக் கெடு எப்போது முடியும் என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள், அதற்கு அட்டவணை போட்டுக் கொடுக்க நான் தணிக்கை வாரியம் இல்லை.

இரண்டாம் பாகத்தில் தர்க்க ஓட்டைகள் இருக்கின்றன என்று இன்னொருவர் பட்டியலிட்டிருந்தார். இருக்கின்றன, இல்லை என்று யார் சொன்னது? அத்தனை கச்சிதமாக எல்லாம் ஒரு மனிதனுக்குக் கைகூடுமா என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. கொலையை மறைக்கும் ஒருவனை இவ்வளவு கொண்டாடலாமா, மகனைப் பறிகொடுத்த அந்தத் தாய் தந்தைக்கு என்ன பதில் என்று யாராவது கேட்டிருந்தால் விடிய விடியப் பேசியிருக்கலாம். அந்த நீண்ட விவாதத்தில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. யார் எத்தனையாவது நிமிடத்தில் கண்டுபிடித்தார்கள் என்ற போட்டிதான் நடந்தது.

இரண்டாம் பாகத்தின் முதல் ஒரு மணி நேரம் இழுவை என்று சிலர் எழுதியதும் அந்தப் போட்டியின் விளைவுதான். 2021 பிப்ரவரியில், பெருந்தொற்றுக் காலத்தில், திரையரங்குக்காரர்களின் மனக்கசப்பையும் மீறி அந்தப் படம் நேராக அமேசான் பிரைமுக்கு வந்தது. ‘பாபநாசம்’ படத்துக்கு இரண்டாம் பாகம் வராததால் தமிழர்கள் பலரும் அதை மலையாளத்திலேயே பார்த்தார்கள். நீங்கள் இழுவை என்று தள்ளிவிட்ட அந்த ஒரு மணி நேரத்தில், ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குடும்பம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிறார்கள். அப்பா ஜார்ஜ்குட்டி இப்போது ஒரு திரையரங்கின் முதலாளி, படம் தயாரிக்கும் ஆசை வேறு. ஊர் முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு முதுகுக்குப் பின்னால் மகளைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறது. அந்த மகள் அஞ்சுவுக்கு வலிப்பு வருகிறது. போலீஸ் வண்டியைக் கண்டாலே நடுங்குகிறாள். தப்பித்துவிட்டார்கள் என்று 2013-இல் கைதட்டினோமே, அந்தத் தப்பித்தலின் விலை என்ன என்று அங்கே எழுதியிருக்கிறார்கள். துப்பு எங்கே, துப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தவர்களின் கண்ணில் அந்தப் பெண் படவே இல்லை.

என் அம்மாவின் கண்ணில் அவள்தான் பட்டாள். அம்மாவுக்கு மலையாளம் தெரியாது, அடியில் ஓடும் ஆங்கில வரிகளையும் படிக்க இயலாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வசனத்தைச் சொல்லச் சொல்லக் கேட்டார். ட்விஸ்ட் உடைந்த இடத்தில் நான் துள்ளிக் குதித்தபோது, “இருடா, அந்தப் பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு, அதைச் சொல்லு” என்று கேட்டவர் அவர். 2025 பிப்ரவரியில் மோகன்லால் மூன்றாம் பாகத்தை அறிவித்த செய்தியைத் தொலைபேசியில் சொன்னேன். “இதுலயாவது அந்தப் பொண்ணுக்கு ஒரு நல்லது நடக்குமா?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

அந்தக் கேள்வியைத்தான் நான் அந்த நான்கு வரிப் பதிவில் எழுதியிருந்தேன். அதற்குக் கீழேதான் நண்பர், “அம்மாக்களுக்கு சீரியல் போதுமே” என்று எழுதினார். நகைச்சுவையாகச் சொன்னேன், உனக்கு எல்லாமே சுருக்கென்று தைக்கிறது என்று பிறகு உள்பெட்டியில் விளக்கமும் அளித்தார். ஆமாம், தைத்தது. ஒரு கொலைக் கதையைப் பார்த்துவிட்டு அதில் பாதிக்கப்பட்ட பெண்ணின் வாழ்க்கை என்ன ஆனது என்று இத்தனை ஆண்டுகள் கவலைப்படுபவர் ரசனை கெட்டவர், முடிவை முந்திக்கொண்டு சொல்பவர் ரசிகர் என்றால், அந்த ரசிகர் சங்கத்தில் எனக்கு உறுப்பினர் அட்டை வேண்டாம். இயக்குநர்களும் பாவம், உங்களை ஏமாற்ற வேண்டும் என்ற ஒரே பயத்தில், கதைக்குத் தேவையோ இல்லையோ, கடைசிப் பத்து நிமிடத்தில் நான்கு திருப்பங்களை அடுக்கப் பழகிவிட்டார்கள். பிறகு அதையும் நீங்களே “திணித்திருக்கிறார்கள்” என்பீர்கள்.

நீயும் யூகித்ததே இல்லையா என்று கேட்கலாம். யூகித்திருக்கிறேன். இரண்டு பாகங்களுக்கும் நடுவில் ஏழு ஆண்டுகள் ஆளாளுக்கு ஒரு கதை சொன்னபோது நானும் ஒன்று சொன்னேன். நண்பர்களோடு தேநீர்க் கடையில் சொன்னேன், படம் பார்க்காதவர் வீட்டு வாசலில் ஒட்டிவைக்கவில்லை.

மூன்றாம் பாகம் வெளியாகும் வாரத்தில் என் பக்கத்தில் பின்னூட்டப் பகுதி மூடியிருக்கும். அம்மாவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுப்பேன், வசனத்தை அவர் காதில் மெதுவாகச் சொல்வேன், அதற்காக முன் இருக்கைக்காரர் திட்டினால் வாங்கிக்கொள்வேன். எத்தனையாவது நிமிடத்தில் கண்டுபிடித்தீர்கள் என்பதை அவரவர் சுவரில் எழுதிக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் நான் வரமாட்டேன்.