சேதாரம்

அக்கா மகளுக்குத் திருமணம். தாய்மாமன் சீராக ஒரு பவுனில் சங்கிலி எடுக்க அக்காவையும் அழைத்துக்கொண்டு நகைக் கடைக்குப் போனேன். மூன்றாவது மாடி, குளிர்ந்த காற்று, உட்கார்ந்ததும் கையில் பாதாம் பால். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பில் வரும் வரை. சேதாரம் 12 சதவீதம் என்று போட்டிருந்தது.

"தம்பி, இது மெஷினில் செய்த சங்கிலிதானே? இதில் 12 சதவீதம் எங்கே சேதமானது?" என்று கேட்டேன். "எல்லாக் கடையிலும் அப்படித்தான் சார்" என்றான் அந்தப் பையன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மேசைக்கு அடியில் அக்கா என் காலை மிதித்தாள். மானத்தை வாங்காதே என்று அர்த்தம்.

என் சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு பத்தர் இருந்தார். உமி ஓடும் ஊதுகுழலும்தான் அவருடைய தொழிற்சாலை. நகை செய்யக் கொடுத்தால் என் பாட்டி காலையிலேயே போய் அவர் எதிரில் உட்கார்ந்துவிடுவாள். வேலை முடிந்துதான் எழுவாள். பொன்னை உருக்கி, அடித்து, அரத்தால் ராவும்போது தூள் பறக்கும். அந்த இழப்புக்குப் பெயர்தான் சேதாரம். அதையும் நம்பாமல், தாய்க்கு நகை செய்தாலும் தட்டான் மாப்பொன் எடுப்பான் என்று பழமொழி கட்டி வைத்த சமூகம் நம்முடையது. இன்று இயந்திரத்தில் உதிர்கிற தூளையும் சேகரித்து மறுபடி உருக்கிக்கொள்கிறார்கள். ஆனாலும் சேதாரம் என்ற சொல் பில்லில் அப்படியே இருக்கிறது, சதவீதமாக, அச்சிட்டு. இதற்கு ஒரு பழமொழியும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து வேலை செய்த ஏழையைச் சந்தேகித்தோம். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருப்பவருக்குப் பாதாம் பாலுக்காக நன்றி சொல்கிறோம்.

அந்தப் பத்தர்களுக்கு என்ன ஆனது என்பதும் ஒரு கதை. சீனப் போருக்குப் பிறகு, மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, 1963 ஜனவரியில் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று தங்கக் கட்டுப்பாடு வந்தது. 1968இல் அது தனிச் சட்டமாகவே ஆனது. தங்கத்தின் மீதான நம் ஆசை அதனால் ஓர் அணுவும் குறையவில்லை; பொற்கொல்லர்களின் பிழைப்புத்தான் போனது. 1990இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டபோது, திறந்துவிட்ட சந்தையில் ஓடக் கையில் முதல் வைத்திருந்தவர்களால்தான் முடிந்தது. எங்கள் பத்தரின் மகன் அதற்குள் பஸ் கண்டக்டர் ஆகியிருந்தார்.

சரி, கணக்குக்கு வருகிறேன். பவுன் விலை 70,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (இன்றைய விலையைப் போட்டால் எனக்கே வயிற்றைக் கலக்குகிறது.) சேதாரம் 12 சதவீதம், 8,400. ஆக 78,400. அதன் மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம், 2,352. கடையை விட்டு வெளியே வரும்போது கையை விட்டுப் போனது 80,752 ரூபாய். மறுநாளே ஓர் அவசரம், அடகு வைக்கிறோம். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, இரண்டரை லட்சம் வரையிலான நகைக் கடனுக்கு மதிப்பில் அதிகபட்சம் 85 சதவீதம் தரலாம். சேதாரத்தையும் வரியையும் எந்த மதிப்பீட்டாளரும் சேர்க்க மாட்டார். 70,000க்கு 59,500 கிடைக்கும். ஒரே இரவில் 21,000க்கு மேல் இடைவெளி. கல் வைத்த நகையாக இருந்தால், திருப்பிக் கொடுக்கும்போது கல்லின் எடையையும் கழித்துவிடுவார்கள். எனக்கே ஒரு கடையில் அது நடந்தது. வாங்கும்போது தங்கத்தோடு தங்கமாக எடை போட்ட கல், மாற்றப் போனபோது வெறும் கல்லாகிவிட்டது.

தங்கக் காசாக வாங்கி வைத்தால் செய்கூலியும் சேதாரமும் மிகக் குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். காசைக் கழுத்தில் போட முடியாதே. மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணாலேயே எடை போடும் பெரியம்மாக்களுக்கு முன்னால் பீரோவில் இருக்கும் காசுக்கு என்ன மதிப்பு? கடைக்காரர் விற்பது தங்கத்தை. அந்த 12 சதவீதத்தை விற்றுக் கொடுப்பது பெரியம்மாவின் பார்வை.

இதை வைத்துப் பெண்களின் நகை ஆசை என்று கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிலம் அப்பா பெயரில், வீடு தாத்தா பெயரில், வங்கிக் கணக்கைப் பார்ப்பது அண்ணன். என் அம்மாவுக்கென்று இருந்தது கழுத்தில் கிடந்த நாலு பவுன் மட்டுமே. எங்கள் டெல்டா ஊரில் குறுவைக்கு உழவு தொடங்கும்போது அது கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும். சம்பா அறுத்து, தை பிறந்து, நெல் விற்ற பிறகு திரும்பி வரும். சில ஆண்டுகள் வராது. என் கல்லூரிக் கட்டணமும் அந்தச் சங்கிலிதான். 2025 ஏப்ரலில் வந்த ரிசர்வ் வங்கியின் வரைவு விதிகள், நகை உங்களுடையதுதான் என்பதற்குச் சான்று கேட்டபோது தமிழ்நாடு கொதித்ததே, அதன் காரணம் டெல்லியில் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்? பாட்டி கழுத்திலிருந்து அம்மா கழுத்துக்கு வந்த சங்கிலிக்கு ரசீது எங்கே இருக்கும்?

நம் ஊர் அரசியல்வாதிகளுக்கு இது நன்றாகவே புரியும். 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டத்தில், 2011 முதல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது. 2016இல் 8 கிராம் ஆனது. மூவலூர் அம்மையார் தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியவர், சுயமரியாதை இயக்கத்துக்காரர். அந்த இயக்கத்தின் தொடர்ச்சியாக வந்த 1967ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலே திருமணம் செல்லும், தாலி கட்டாயமில்லை. அப்படிப்பட்டவர் பெயரில் அரசே தாலிப் பொன் கொடுத்தது! 2022இல் அதைப் புதுமைப்பெண் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண்களின் மேற்படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். நான் கைதட்டினேன். என் அக்கா, "அந்த எட்டு கிராம் இருந்திருந்தால்..." என்றாள்.

2021 தேர்தலை மறந்திருக்க மாட்டீர்கள். கூட்டுறவு நகைக் கடனில் ஆறு பவுன் வரை தள்ளுபடி என்று அன்றைய முதல்வர் அறிவித்தார்; ஐந்து பவுன் வரை என்று எதிர்த்தரப்பு வாக்குறுதி கொடுத்தது. அடகுச் சீட்டை எண்ணினால் ஓட்டை எண்ணலாம் என்று இரண்டு பக்கமும் தெரிந்து வைத்திருந்தார்கள். தனியார் அடகுக் கடையில் வைத்தவன் இரண்டு கணக்கிலும் இல்லை.

அட்சய திருதியையைப் பற்றி எழுதாமல் விட்டால் என் கை அரிக்கும். பஞ்சாங்கத்தில் அது தானத்துக்குரிய நாள். தண்ணீர், குடை, செருப்பு, தயிர்ச்சோறு கொடுப்பார்கள். சமணர்கள் ஓராண்டு நோன்பைக் கரும்புச் சாறு அருந்தி முடிக்கும் நாளும் அதுவே. கொடுக்கும் நாளை வாங்கும் நாளாகத் திருப்பிப் போட்டவர்களின் சாமர்த்தியத்துக்கு ஒரு கும்பிடு. விடிவதற்குள் கடை திறக்கிறார்கள், விடிவதற்கு முன்பே நாம் வரிசையில் நிற்கிறோம்.

பிறகு அந்த நகைச் சீட்டு. அது ஏன் பதினொரு மாதம் என்று யோசித்ததுண்டா? பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாட்களுக்குள் பொருளாகக் கொடுத்துவிடாவிட்டால் நிறுவனச் சட்ட விதிகளின்படி அது வைப்புத்தொகை ஆகிவிடும். அப்புறம் அதற்குரிய கட்டுப்பாடுகள் எல்லாம் வரும். ஆகவே பதினொன்று. மாதாமாதம் நம் பணம் அவர்களுக்கு முதலாக ஓடுகிறது. கடைசியில் சேதாரத்தில் கொஞ்சம் தள்ளுபடி தருகிறார்கள், முதலில் இருந்தே இல்லாத சேதாரத்தில்.

திருமணத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர் சங்கிலியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "மாமன் சீர் எத்தனை பவுன்?" என்றார். ஒன்று என்றேன். "ஒன்றா?" என்று மட்டும் கேட்டார். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

அக்காவுக்கு இன்னொரு மகள் இருக்கிறாள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. போன வாரம் அதே கடையில் மாதம் 5,000 ரூபாய் சீட்டில் சேர்ந்துவிட்டேன். இந்த முறை அந்தப் பையனிடம் எதுவும் கேட்கவில்லை.