டொக்டர் எங்க எண்டு கேட்டாச்சு, சரி

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்கள், நேற்று முழுக்க அதுதானே ஓடினது. ஒரு ஆஸ்பத்திரியின்ர ஓபிடியில, அதுதான் வெளிநோயாளர் பிரிவில, டொக்டரின்ர வெறுங்கதிரை. ஒருவர் போனைப் பிடிச்சுக்கொண்டு "டொக்டர் எங்க?" எண்டு கத்துறார். அங்க ஏன் ஒரேயொரு டொக்டர் எண்டு ஒருத்தராவது கேட்டீங்களா?

அந்த டொக்டர் வார்ட்டில நிண்டவர். பாம்புக்கடி.

நானும் வன்னியில ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலதான் வேலை. அருவி வெட்டுக் காலத்தில ஒரு ஐயாவைக் கொண்டு வந்தவை, அடிச்ச பாம்பையும் சொப்பிங் பையில கட்டி. புடையன், கண்ணாடி விரியன் எண்டும் சொல்லுறது. கண்ணாடிக் குழாயில ரத்தம் எடுத்து 20 நிமிசம் அசைக்காமல் வைச்சுச் சரிச்சுப் பார்க்கிறது. உறையாமல் ஓடினது, அப்ப விசம் ரத்தத்தில ஏறியிட்டுது. விசமுறிவு மருந்து ஏத்தினால் அந்த மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. உடம்பு தடிக்கும், மூச்சு இழுக்கும், பிரஷர் விழும். அட்ரினலினோட பக்கத்திலயே நிக்க வேணும். அந்த ஐயாவுக்கும் இழுத்தது. அந்த நேரம் நான் ஓபிடியில இருந்து பனடோல் எழுதியிருக்க வேணுமோ?

"பிரைவேட் பார்க்கப் போயிருப்பார்" எண்டு ஒரு கொமண்ட். கடமை நேரத்துக்குப் பிறகு பார்க்க அரசாங்கமே விடுது. ஒருத்தர் மட்டும் நிக்கிற இடத்தில கடமை நேரம் எப்ப முடியும் எண்டு முதல்ல சொல்லுங்கோ.

"டொக்டர்மாருக்குச் சம்பளத்துக்கு மேல குடுக்கிற டாட் (DAT) கொடுப்பனவை 2024 இல 35,000 ரூபாயிலயிருந்து 70,000 ஆக்கினவைதானே?" ஓம், ஆக்கினவை. அந்தக் காசு வார்ட்டிலயும் ஓபிடியிலயும் ஒரே நேரத்தில நிக்குமோ?

"எங்கட வரியில படிச்சனீங்கள்." அது உண்மைதான். அதாலதான் இன்னும் இங்க நிக்கிறன்.

டொக்டர்மாரைப் போடுறது கொழும்பில இருக்கிற அமைச்சு. எங்கட பிரதேச வைத்தியசாலைகளின்ர கட்டடம், குவாட்டர்ஸ், தண்ணி எல்லாம் மாகாணம். அந்த மாகாண சபையின்ர காலம் 2018 ஒக்டோபரோட முடிஞ்சுது. இடமாற்றப் பட்டியல் வரும், இருக்கிறவர் போவார், பதிலுக்கு ஆள் வராது. அங்க போய் ஒருத்தரும் போனைத் தூக்கிறேல்ல. பக்கத்தில நிக்கிறவனிட்டக் கத்துறது லேசு.

"தண்டச் சம்பளம்" எண்டும் ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு 214 லைக். அதில என்ர நட்பு வட்டத்தில இருக்கிற ஆக்களும் இருக்கினம், பார்த்தனான்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இங்கிலாந்து போன என்ர பட்ச் பெடியன் ஒருத்தன் அந்த வீடியோவையே அனுப்பி "இன்னும் அங்கயோ நிக்கிறாய்?" எண்டு கேட்டவன். நான் ஒண்டும் எழுதேல்ல. உங்களிட்ட நல்ல பதில் இருந்தால் கீழ போடுங்கோ, அனுப்பி விடுறன்.