இரண்டாண்டு ஊழியம்: யாரை மாற்றுவதற்காக?

ஜப்பானில் சில காலமாவது வசித்த நம்மவர்கள் அவர்களைப் பார்த்திருப்பார்கள். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை, தலையில் ஹெல்மெட் என்று மிதிவண்டியில் எப்போதும் இருவர் இருவராகவே செல்லும் வெளிநாட்டு இளைஞர்கள். மோர்மன்கள் என்று பரவலாக அறியப்படும், அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் சார்பில் மதத்தைப் பரப்ப வந்த ஊழியர்கள் அவர்கள். நம் நண்பர்கள் கூடும் இடங்களில் அவர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "டாலரைக் கொடுத்து மதம் மாற்ற அனுப்பி வைத்திருக்கிறார்கள்" என்று ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அந்தத் தீர்ப்பு தவறு என்பது என் கருத்து. இந்த ஊழியம் யாரை மாற்றுகிறது என்று கணக்குப் பார்த்தால், பெரும்பாலும் ஊழியத்துக்குப் போகிறவரைத்தான் என்ற விடையே கிடைக்கிறது.

முதலில் பணக் கணக்கை முடித்துவிடுகிறேன். இந்த இளைஞர்களுக்குச் சம்பளம் கிடையாது. அமெரிக்காவிலிருந்து புறப்படுகிறவர், தம் சேமிப்பிலிருந்தோ குடும்பத்தின் உதவியாலோ, மாதம் 500 டாலர் சபைக்குச் செலுத்த வேண்டும். 2020 ஜூலைக்கு முன்பு அது 400 டாலராக இருந்தது. ஆண்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்குப் பதினெட்டு மாதம். ஆக, ஒரு பையனின் ஊழியத்துக்கு 12,000 டாலர் ஆகிறது. எந்த நாட்டுக்குப் போவது என்பதும் அவர் கையில் இல்லை. விண்ணப்பித்த பிறகு சபைத் தலைமை முடிவு செய்து அழைப்பு அனுப்பும். வீட்டாரும் உறவினரும் கூடியிருக்க அதை வாசிக்கும்போதுதான் ஜப்பானா, பெருவா, பக்கத்து மாநிலமா என்பதே தெரியும். ஜப்பான் என்றால், பிறகு யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரிலுள்ள பயிற்சி மையத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் மொழி படித்துவிட்டு விமானம் ஏற வேண்டியதுதான்.

இளைஞர்களை இப்படி அனுப்புவது தொடக்கம் முதல் இருந்த வழக்கமன்று. 1830இல் தோன்றிய இச்சபை, ஆரம்பப் பத்தாண்டுகளில் பெரும்பாலும் குடும்பஸ்தர்களையே வெளிநாடுகளுக்கு அனுப்பியது. 1853இல் சென்னைக்கு வந்திறங்கிய ரிச்சர்ட் பாலன்டைன், மனைவி மக்களை யூட்டாவில் விட்டுவிட்டு வந்த முப்பத்தைந்து வயதுக்காரர்; அவருக்கு இங்கே பெரிய அறுவடை எதுவும் கிடைக்கவில்லை, ஓராண்டு அளவிலேயே திரும்பிவிட்டார். 1901இல் ஹீபர் ஜே. கிராண்ட் தலைமையில் ஜப்பானுக்குப் போன முதல் குழுவிலோ அல்மா டெய்லர் என்ற பத்தொன்பது வயதுப் பையனும் இருந்தார். அவர் ஊர் திரும்பியது 1910இல்தான். அதற்குள் சபையின் வேதநூலான மோர்மன் புத்தகம் முழுவதையும் ஜப்பானிய மொழியில் பெயர்த்து, 1909இல் அச்சில் கொண்டுவந்திருந்தார். ஆனால், 1924இல் அந்த மிஷனை, அதாவது ஜப்பானில் நடந்த ஊழியப் பணியகத்தை, மூடியபோது, இருபத்து மூன்று ஆண்டு உழைப்புக்கு ஈடாக ஞானஸ்நானம் பெற்றிருந்தவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. ஆள் சேர்க்கும் வேலையாக மட்டும் பார்த்தால் அது படுதோல்வி. அந்தப் பையனுக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தால் அப்படிச் சொல்லிவிட முடியாது.

எண்ணிக்கையே குறியானால் என்ன ஆகும் என்பதையும் ஜப்பான் காட்டியிருக்கிறது. 1970களின் இறுதியில் டோக்கியோ தெற்கு மிஷனில், தெருவிலும் ரயில் நிலையத்திலும் சந்தித்த இளைஞர்களைப் போதிய போதனையின்றி அவசர அவசரமாகத் தொட்டியில் இறக்கி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெயர்கள் பதிவேட்டில் ஏறின. அவர்களில் மிகப் பலர் அதன்பின் ஆராதனைக்கே வரவில்லை. பிரிட்டனில் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் பேஸ்பால் விளையாட அழைத்து வந்த சிறுவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கணக்குக் காட்டியதையும் மோர்மன் வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். மேலிருந்து வந்த நெருக்கடியைக் கடைசியில் சுமந்தவர்கள் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். வாராவாரம் எத்தனை பேரைச் சந்தித்தாய், எத்தனை பேருக்கு ஞானஸ்நான நாள் குறித்தாய் என்று கேட்கப்படும் ஒருவன் என்னதான் செய்வான்?

இன்னும் தெளிவான சான்று 2012இல் கிடைத்தது. அந்த அக்டோபரில் ஆண்களுக்கான குறைந்தபட்ச வயதைப் பத்தொன்பதிலிருந்து பதினெட்டாகவும், பெண்களுக்கு இருபத்தொன்றிலிருந்து பத்தொன்பதாகவும் சபை குறைத்தது. 2012 இறுதியில் சுமார் 59,000ஆக இருந்த ஊழியர் எண்ணிக்கை, 2014 இறுதியில் 85,000ஐத் தாண்டியது. புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களோ 2012இல் சுமார் 2,72,000 பேர், 2014இல் சுமார் 2,97,000 பேர். ஊழியர்கள் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கூடியும் பலன் பத்து விழுக்காடுகூடக் கூடவில்லை. 2016இல் அது 2,40,000 அளவுக்கு இறங்கியும்விட்டது. வெறும் ஆள் சேர்ப்புதான் நோக்கம் என்றால், இந்தக் கணக்கைப் பார்த்த எந்த நிர்வாகமும் திட்டத்தைக் கைவிட்டிருக்கும். சபை கைவிடவில்லை. தன் வீட்டுப் பிள்ளைகளைத் தன்னிடமே தக்கவைத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி அதனிடம் இல்லை என்பதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த வழி எப்படி வேலை செய்கிறது என்பதை ஓரளவு அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஜப்பானில் இந்த ஊழியர்கள் இலவச ஆங்கில வகுப்பு நடத்துவது வழக்கம். அலுவலக நண்பர் ஒருவருக்குத் துணையாக நானும் சில மாலைகள் போயிருக்கிறேன். வகுப்புக்கு வரும் மூதாட்டி ஒருவர் பிளாஸ்க்கில் பச்சைத் தேநீர் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினார். காபி, தேயிலை, மது, புகையிலை நான்கும் அவர்களுக்கு விலக்கு. பச்சைத் தேநீரும் தேயிலைதான். அமெரிக்கக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த அந்தப் பையன், கோப்பையை இரு கைகளாலும் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அவருடைய அன்பு தன் தகுதிக்கு மீறியது என்று தொடங்கி, முடியாது என்ற சொல்லே வராமல், ஜப்பானிய மொழியின் மரியாதை வினைகளை இம்மியும் பிசகாமல் அடுக்கிப் பேசி முடித்தபோது, அந்த அம்மையார்தான் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். மறுவாரம் வாற்கோதுமையை வறுத்துக் கொதிக்கவைத்த முகிச்சா வந்தது. பல ஆண்டுகள் அங்கே வேலை பார்த்த எனக்கு அந்த மறுப்பைப் பாதியளவுகூடச் சொல்ல வராது. பகலெல்லாம் வீட்டு வாசல்களின் இன்டர்காமில் நாசூக்கான மறுப்புகளையே கேட்டுக் கேட்டுப் படித்த பாடம் அது.

அவர்கள் ஜோடியாகத் திரிவதும் விருப்பத்தால் அன்று. கம்பேனியன், அதாவது கூடவே இருக்கும் ஜோடி ஊழியர், யார் என்பதை மிஷன் தலைவர் முடிவு செய்வார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றங்கள் வரும். அதுவரை குளியலறை நீங்கலாக ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாமல் மற்றவர் போகக் கூடாது. ஒருநாள் இருவருக்கும் ஏதோ மனத்தாங்கல் இருந்தது வெளிப்படையாகவே தெரிந்தது. முகம் பார்க்காமல் நாற்காலிகளை மடக்கி அடுக்கினார்கள். ஆனாலும் ஒருவர் மிதிவண்டிப் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மற்றவர் நகராமல் காத்து நின்றார், வேறு வழியில்லை. பிடிக்காத ஒருவனோடு ஒரே அறையில் வாழ்ந்து, மறுநாள் காலையில் அவனோடே வேலைக்குப் போகும் இந்தப் பழக்கத்தை எந்தக் கல்லூரியும் கற்றுத்தருவதில்லை. தைவானில் ஊழியம் செய்து மாண்டரின் கற்ற ஜான் ஹன்ட்ஸ்மன் பின்னாளில் சீனாவுக்கான அமெரிக்கத் தூதரானதும், 1971இல் ஊழியராக ஜப்பானுக்கு வந்த கென்ட் கில்பர்ட் அங்கே தொலைக்காட்சிப் பிரபலமானதும் தற்செயல் அல்ல.

இவ்வளவு சொன்ன பிறகும், எனக்கு இதில் உடன்பாடில்லாத இடம் ஒன்று உண்டு: அது வயது. பத்தொன்பது என்று இருந்தபோது, வீட்டை விட்டு ஓராண்டாவது கல்லூரியிலோ வேலையிலோ கழித்து, இதற்குப் போகத்தான் வேண்டுமா என்று யோசிக்கச் சிறிது இடைவெளி இருந்தது. பதினெட்டில் அது இல்லை. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு பெட்டி கட்ட வேண்டியிருக்கிறது. பெண்களுக்கு ஊழியம் விருப்பம் என்றும் ஆண்களுக்குக் கடமை என்றும் சபை வகுத்திருப்பதால், போகாமல் இருந்துவிட்ட பையனை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறது. மனச்சோர்வு தாங்காமல் பாதியில் திரும்பியவனுக்கோ விமான நிலையத்தில் பதாகையும் இல்லை, பலூனும் இல்லை. என்ன தப்புப் பண்ணினான் என்ற கிசுகிசுதான் எஞ்சுகிறது. 2019 பிப்ரவரி வரை கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என்று ஆண்டுக்கு இரண்டே முறைதான் பெற்றோரோடு பேச முடியும். இப்போது வாரந்தோறும் பேசலாம். அந்தத் தளர்வை மனதார வரவேற்கிறேன். வெளியே ஊழியம் செய்ய இயலாதவர்கள் சொந்த ஊரிலேயே சேவை செய்யும் வழி ஒன்றும் அண்மை ஆண்டுகளில் விரிவாகியிருக்கிறது. ஆனால், அந்த வழியில் போகிறவனையும், ஆறு மாதத்தில் திரும்பி வருகிறவனையும், இரண்டாண்டு முடித்து வருகிறவனுக்குக் கிடைக்கும் அதே வரிசையில் ஆராதனையில் அமர்த்திப் பேசவைக்க அவரவர் ஊர்ச்சபைகள் தயாராகாதவரை, விதியை எத்தனை முறை திருத்தினாலும் பையன்களின் தலையில் இருக்கும் பாரம் குறையப்போவதில்லை.