ஸாங்கலேவா: உன்னை யார் வரச் சொன்னது?

போன வாரம் என் மகள் பள்ளி ஆண்டு விழா நடனத்துக்காகக் கூடத்தில் ஆடிப் பழகிக்கொண்டிருந்தாள். பாட்டு ‘வாக்கா வாக்கா’. மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பிறப்பதற்குப் பல வருஷம் முன்பு வந்த பாட்டு. ஆனால் அவள் வகுப்பில் அத்தனை பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம். ஆடிக்கொண்டே வந்தவள் திடீரென்று நின்று, “அப்பா, ஸாமினா மினான்னா என்ன?” என்று கேட்டாள். இந்தப் பாட்டை நான் 2010இலிருந்து கூடவே பாடிக்கொண்டிருக்கிறேன், பதிலும் தெரியும். ஆனால் ஒரு வரியில் அவளிடம் சொல்லி முடிக்க என்னால் முடியவில்லை. அவளிடம் சொல்ல வேண்டியதை முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

2010 தென்னாப்பிரிக்கக் கால்பந்து உலகக் கோப்பைக்காகக் கொலம்பியப் பாடகி ஷகிரா பாடிய பாட்டு என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அதில் தப்பில்லை. ஷகிராவும் ஜான் ஹில் என்ற தயாரிப்பாளரும் அதை உருவாக்கினார்கள். கேப் டவுனைச் சேர்ந்த ஃபிரெஷ்லிகிரவுண்ட் குழு உடன் பாடியது. நடுவில் தென்னாப்பிரிக்காவின் கோசா மொழியில் வரும் பகுதியைப் பாடுவது அந்தக் குழுவின் சோலானி மஹோலா. ஆனால் ஊர் உலகமே தொண்டை கிழியப் பாடுகிற அந்த ‘ஸாமினா மினா’ பல்லவி இவர்கள் யாரும் எழுதியது இல்லை. அது கேமரூன் நாட்டுப் பாட்டு. 1986இல் கோல்டன் சவுண்ட்ஸ் என்ற குழு ‘ஸாங்கலேவா’ என்ற பெயரில் அதை வெளியிட்டது. பாட்டு எந்த அளவுக்கு ஓடியது என்றால், கடைசியில் குழுவின் பெயரையே ஸாங்கலேவா என்று மாற்றிக்கொண்டார்கள்.

அந்தப் பழைய வீடியோவை ஒரு தடவை தேடிப் பாருங்கள். ராணுவச் சீருடை. தலையில் காலனி காலத்துத் துரைமார் போட்டுக்கொண்ட, கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு தொப்பி. சட்டைக்குள் தலையணையைத் திணித்து, தின்று கொழுத்த தொப்பையோடு நடக்கிறார்கள். பின்பக்கமும் தலையணை. அந்தக் கனத்தோடு ஆடி அசைந்து அணிவகுக்கிறார்கள். பார்த்தால் ஏதோ கேலிக்கூத்து நடிகர்கள் என்று தோன்றும். ஆனால் இவர்கள் கேமரூன் அதிபரின் மெய்க்காவல் படையில் வேலை பார்த்தவர்கள். குழுத் தலைவர் ஜான் போல் ஸே பெல்லாவும் அப்படித்தான். துப்பாக்கி பிடித்து நின்ற ஆட்களே துப்பாக்கி பிடித்தவனின் தொப்பையைக் கிண்டல் செய்து பாடியிருக்கிறார்கள். 1986இல், ஓர் ஆப்பிரிக்க நாட்டில், அதிபர் மாளிகைக் காவலர்கள்! அந்தத் துணிச்சலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

சரி, மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ‘ஸாமினா’ என்றால் ‘வா’ என்று சொல்கிறார்கள். ‘வாக்கா’ கேமரூன் பிட்ஜின் என்ற கலப்பு ஆங்கிலப் பேச்சில் ‘நட’. ஆங்கில ‘வாக்’ அங்கே போய் அப்படி ஆகிவிட்டது. ‘ஸாங்கலேவா’ கேமரூனில் பேசும் ஃபாங் மொழியிலிருந்து வந்தது. ‘உன்னை யார் வரச் சொன்னது?’ என்று அர்த்தம். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், உன்னை யார் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டார்கள்? பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் பயிற்சியில் இடுப்பொடிந்து நிற்கும்போது பக்கத்தில் இருக்கிறவன் கேட்கும் கேள்வி அது. நீயாகத்தானே வந்தாய், அனுபவி, நட.

இந்த வரிகள் கோல்டன் சவுண்ட்ஸுக்கும் முந்தியவை. இரண்டாம் உலகப் போரில் பிரான்சுக்காகச் சண்டைக்குப் போன ஆப்பிரிக்கச் சிப்பாய்களின் பேச்சிலிருந்து வந்தவை என்பார்கள். அப்புறம் கேமரூன் படையில் தலைமுறை தலைமுறையாகப் பாடிய நடைப்பாட்டு. வேறொரு விளக்கமும் உண்டு. வெள்ளைக்காரனோடு சேர்ந்துகொண்டு சொந்த ஜனங்களை ஒடுக்கிய கறுப்பு அதிகாரிகளைக் குத்திக்காட்டும் பாட்டு என்கிறார்கள். அந்தத் தொப்பியையும் தொப்பையையும் பார்த்தால் எனக்கு இரண்டாவது விளக்கமும் பொருந்துவதாகத்தான் படுகிறது. ‘உன்னை யார் வரச் சொன்னது’ என்ற கேள்வியை அடிபட்ட சிப்பாயிடமும் கேட்கலாம், ஊரை அடித்த அதிகாரியிடமும் கேட்கலாம்.

பாட்டு கேமரூனோடு நிற்கவில்லை. ராணுவம், போலீஸ், சாரணர், விளையாட்டு வீரர்கள், அவர்களுக்குக் கை தட்டும் ரசிகர்கள் என்று எல்லோரும் அதை எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு பக்கம் அட்லாண்டிக் கடலைத் தாண்டி கொலம்பியாவின் கரீபியன் கரைக்கும் போய்விட்டது. அந்தக் கரையில் கார்த்தஹேனா என்று ஒரு துறைமுகம். ஸ்பானிய ஆட்சியில் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கிய பெரிய துறைமுகங்களில் ஒன்று. அந்த அடிமைகளின் வம்சாவளியினர் வாழும் தெருக்களில் ‘பிக்கோ’ என்று சொல்லும் பெரிய பெரிய ஸ்பீக்கர் செட்டுகள் உண்டு. நம் ஊர்த் திருவிழா ஸ்பீக்கர் கட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கண்ணைப் பறிக்கும் ஓவியம் வரைந்திருக்கும். கப்பல்காரர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்க இசைத்தட்டுகளை அதில்தான் போட்டு ஆடினார்கள். ஸாங்கலேவாவும் அப்படி ஓடியது. டொமினிக்கன் குடியரசில் ஒரு பெண்கள் குழு இதே பல்லவியை வைத்து ஸ்பானிஷில் ஒரு பாட்டே பாடியது. ஷகிரா பிறந்த பரான்கியா நகரமும் அதே கரையில், கார்த்தஹேனாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், 2010இல் தென்னாப்பிரிக்காவில் எழுந்த பெரிய கேள்வி ‘ஆப்பிரிக்காவில் முதல்முறையாக நடக்கும் உலகக் கோப்பைக்குக் கொலம்பியாக்காரி எதற்கு?’ என்பது. அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. பாடகி மிரியம் மக்கேபாவையும் ட்ரம்பெட் கலைஞர் ஹியூ மசெகேலாவையும் தந்த நாடு அது. அந்த நாட்டில் ‘இது ஆப்பிரிக்காவின் நேரம்’ என்று பாட வெளியிலிருந்து ஆள் வந்தால் யாருக்குத்தான் உறுத்தாது? ஃபிரெஷ்லிகிரவுண்டைச் சேர்த்ததும் பலருக்கு ஊறுகாய் வைத்த மாதிரிதான் தெரிந்தது. ஆனாலும் அந்தப் பாட்டு கொலம்பியக் கரைக்கு அந்நியம் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. கப்பலில் கட்டி இழுத்துப் போகப்பட்ட ஜனங்களின் பேரப்பிள்ளைகள் அங்கே அதைக் கேட்டு ஆடியிருக்கிறார்கள். அவர்களுக்கும் அது சொந்தம்.

எனக்குப் பொறுக்காதது வேறு. பாட்டு வந்த புதிதில் ஷகிரா, ஜான் ஹில் என்ற பெயர்கள்தான் எங்கும் அடிபட்டன. கேமரூன்காரர்கள் கேட்ட மாத்திரத்தில் அடையாளம் கண்டுபிடித்தார்கள், திருட்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது, அப்புறம் நீதிமன்றத்துக்கு வெளியே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இன்று எழுதியவர்கள் பட்டியலில் ஸே பெல்லா, டூ பெல்லே, கோஜிடியே என்று மூன்று கேமரூன் பெயர்களும் இருக்கின்றன. நல்லது. ஆனால் யூடியூபில் அந்த வீடியோவை 300 கோடி தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். அதில் எத்தனை பேருக்கு இந்த மூன்று பெயர்களில் ஒன்றாவது தெரிந்திருக்கும்?

கேமரூனுக்கு இது முதல் தடவையும் இல்லை. 1972இல் ஆப்பிரிக்கக் கோப்பைக் கால்பந்துப் போட்டி கேமரூனில் நடந்தது. அதற்கு ஒரு கீதம் வேண்டும் என்று சாக்ஸபோன் கலைஞர் மனு திபாங்கோவிடம் கேட்டார்கள். அவரும் எழுதிக் கொடுத்தார். இசைத்தட்டு என்றால் மறுபக்கமும் ஒரு பாட்டு வேண்டுமே; அங்கே ‘சோல் மகோஸா’ என்று ஒன்றைப் போட்டார். சொந்த மண்ணில் கேமரூன் அரையிறுதியில் தோற்று மூன்றாம் இடம் பிடித்தது. கீதத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மறுபக்கப் பாட்டு நியூயார்க் போய் உலகத்தையே ஆட்டிவைத்தது. பத்து வருஷம் கழித்து மைக்கேல் ஜாக்சன் தன் ‘த்ரில்லர்’ ஆல்பத்தின் முதல் பாட்டில் அந்தப் பல்லவியை எடுத்துக்கொண்டார். திபாங்கோ வழக்குப் போட வேண்டியிருந்தது, சமரசத்தில் முடிந்தது. பிறகு ரிஹானாவின் பாட்டிலும் அதே பல்லவி வந்தது, மறுபடியும் நீதிமன்றம். 2020 மார்ச்சில் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று. ஒரே நாடு, இரண்டு கால்பந்துப் போட்டிகள், இரண்டு பல்லவிகள். இரண்டு தடவையும் ‘அது எங்களுடையது’ என்று அவர்களேதான் சொல்ல வேண்டியிருந்தது.

போட்டி நடந்த தென்னாப்பிரிக்காவிலேயே சாலமன் லிண்டா என்று ஒருவர் இருந்தார். 1939இல் ‘ம்பூபே’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். அதுதான் பிறகு ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ என்று உலகம் முழுக்கத் தெரிந்த சிங்கப் பாட்டாக மாறியது. அவர் 1962இல் ஏழையாகச் செத்தார். அவர் பிள்ளைகளுக்கு நியாயம் கிடைக்க 2006 ஆகிவிட்டது. அது நடந்து நான்கே வருஷத்தில் அதே மண்ணில் உலகக் கோப்பை. ஏற்பாட்டாளர்கள் முதல் நாளிலேயே மேடையில் கோல்டன் சவுண்ட்ஸ் பெயரை உரக்கச் சொல்லியிருக்க வேண்டாமா?

பாட்டின் மேல் எனக்குள்ள பிரியம் இதனால் ஒரு துளியும் குறையவில்லை. 2010 ஜூன் 11ஆம் தேதி, நம் நேரத்துக்கு இரவு ஏழரை மணி, தென்னாப்பிரிக்காவும் மெக்சிகோவும் ஆடிய முதல் ஆட்டம். இரண்டாம் பாதியில் தென்னாப்பிரிக்காவின் ஷபலாலா இடது காலால் ஒரு உதை உதைத்தார். பந்து வலையின் மேல் மூலையில் போய் விழுந்தது. ரசிகர்கள் ஊதிய வுவுசேலா குழல்களின் சத்தத்தில் எங்கள் டிவியே அதிர்ந்தது. அந்தப் போட்டியில் ஆறு ஆப்பிரிக்க அணிகள். கேமரூன் மூன்று ஆட்டத்திலும் தோற்றது. முதல் சுற்றைத் தாண்டியது கானா மட்டும்தான். ஜூலை 2, காலிறுதி, நம் ஊரில் நள்ளிரவு தாண்டிவிட்டது. கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் உருகுவேயின் சுவாரஸ் கோல் கோட்டில் நின்று பந்தைக் கையால் தடுத்தார். பெனால்டி. கானாவின் அசமோவா ஜியான் அடித்த பந்து கம்பியில் பட்டு மேலே பறந்தது. ஒரு கண்டமே அரையிறுதிக்குப் போகவேண்டிய நேரம் அது. ஷூட் அவுட்டில் கானா தோற்றபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ‘இது ஆப்பிரிக்காவின் நேரம்’ என்ற வரியை அதற்குப் பிறகு பல நாள் என்னால் கேட்க முடியவில்லை.

அந்த வருஷம் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. தொடக்க விழாவில் அமெரிக்கப் பாடகர் ஆர். கெல்லி பாடியதுதான் அதிகாரபூர்வக் கீதம். இன்று யாராவது அதை முணுமுணுக்கிறார்களா? சோமாலியாவில் பிறந்து கனடாவில் வளர்ந்த பாடகர் கேனானின் ‘வேவின் ஃப்ளாக்’ என்ற கொடிப் பாட்டைக் கோகோ கோலா எடுத்துக்கொண்டது. அது அருமையான பாட்டு. ஆனால் அகதியின் வலியைச் சொன்ன வரிகளையெல்லாம் கழற்றிவிட்டுக் கொண்டாட்டமாக மாற்றிக் கொடுத்தார்கள். மூலத்தைக் கேட்டவர்களுக்கு அந்த வெட்டு தெரியும். 2014இல் பிரேசிலுக்குப் பிட்புல், ஜெனிஃபர் லோபஸ், கிளாடியா லெய்ட்டே சேர்ந்து பாடினார்கள். போர்த்துக்கீசியம் கொஞ்சமே கொஞ்சம் என்று பிரேசில்காரர்களே கோபித்துக்கொண்டார்கள். 2018 ரஷ்யப் பாட்டை நான் தேடித்தான் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

ஸாங்கலேவா மட்டும் ஏன் நின்றது என்று எனக்கு ஒரு முடிவான எண்ணம் இருக்கிறது. மற்றவை எல்லாம் போட்டிக்காக ஸ்டூடியோவில் செய்தவை. இது கால்கள் பரிசோதித்த பாட்டு. மூச்சிரைக்க நடக்கிறவன் பாடக்கூடிய நீளத்தில்தான் ஒவ்வொரு வரியும் இருக்கும். ஒருவன் கேட்டால் மற்றவர்கள் பதில் சொல்கிற அமைப்பு. சிப்பாயின் களைப்பு, கிண்டல், அவனுக்கு மறுபடி தெம்பு வருவது, எல்லாம் அந்த நாலு வார்த்தைக்குள் இருக்கின்றன. நாற்றுநடவிலும் ஏற்றம் இறைப்பதிலும் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். 80 ஆயிரம் பேர் உட்காரும் அரங்கத்தில் மொழி தெரியாதவனும் சேர்ந்து பாட முடிந்ததற்கு ஷகிராவின் குரல் ஒரு காரணம், அந்த நடை பெரிய காரணம்.

இவ்வளவையும் மகளுக்கு அவள் வயதுக்கு ஏற்ற மாதிரி சொன்னேன். 1986 வீடியோவைப் போட்டுக் காட்டினேன். “இந்தத் தாத்தாதான் முதல்ல பாடினாரா?” என்று கேட்டுவிட்டு, தொப்பையில் தலையணையோடு அவர் நடக்கும் இடத்தை மட்டும் நாலு தடவை திருப்பிப் போடச் சொன்னாள்.

மறுநாள் அவளை விடப் போனபோது நடன ஆசிரியையிடம் ஒரு சின்னத் தாளைக் கொடுத்தேன். நிகழ்ச்சி அறிவிக்கிற பிள்ளை ‘ஷகிராவின் பாடல்’ என்று மட்டும் சொல்லாமல், ‘கேமரூன் நாட்டின் கோல்டன் சவுண்ட்ஸ் குழு 1986இல் பாடியது, ஷகிரா 2010இல் பாடியது’ என்று சேர்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் தாளைப் படித்துவிட்டு, “ஸாங்கலேவா... இதை எப்படி சார் உச்சரிக்கணும்?” என்றார். வாசலில் நின்றே இரண்டு பேரும் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தோம்.