ஃபாயில் சுற்றினால் பூசணி வறுபடாது

"ஓடிஜியில் (சின்ன மின்சார அவனில்) சூடு பத்தாது, பட்டர்நட் பூசணியை ஃபாயிலில் சுற்றி 250 டிகிரியில் வையுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லைங்க.

சின்ன அவனில் சூட்டுக்குக் குறைச்சல் இல்லை. சூடேறும் கம்பி காய்க்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். 250 வைத்தால் மேலே கருகிவிடும், நடுவில் கத்தி இறங்காது. ஃபாயில் சுற்றினால் காயிலிருந்து வரும் நீராவி வெளியேறாது. ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. சிவந்து வர அதைவிட நல்ல சூடு வேண்டும். ஃபாயிலுக்குள் கிடைப்பது அவித்த பூசணிதான். குழந்தைக்கு மசித்துக் கொடுக்க அது போதும், வறுவல் வாசனை வராது.

பத்து நிமிடம் முன்சூடு செய்து, 200 டிகிரி வையுங்கள். நெடுக்காகப் பிளந்து, விதையை வழித்தெடுத்து, எண்ணெய் தடவி, வெட்டிய பக்கம் தட்டில் படும்படி கவிழ்த்து நடுத்தட்டிலோ அதற்குக் கீழோ வைக்கலாம். பருமனைப் பொறுத்து 40 முதல் 60 நிமிடம். பாதியில் தட்டைத் திருப்பி வையுங்கள், பின்பக்கம் பெரும்பாலும் சூடு கூடுதல். தோல் சீவ மெனக்கெட வேண்டாம், வெந்ததும் ஸ்பூனால் வழித்தாலே வந்துவிடும். முழுக்காயை அப்படியே உள்ளே வைக்காதீர்கள், ஆவி அடைபட்டு வெடிக்கலாம்.