நான் திருப்பாமல் என் ஸ்க்ரீன் ஏன் திரும்ப வேண்டும்?

போன் என் கையில் இருக்கிறது, காசு நான் கொடுத்தது. ஆனால் எந்தப் பக்கமாக வைத்துப் படிக்க வேண்டும் என்பதை அது முடிவு செய்யும் என்றால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஒரு செய்தியைப் பாதி படித்திருப்பேன், கை லேசாகச் சாயும், பக்கம் மொத்தமும் படுத்துக்கொள்ளும். நிமிர்த்தினால் ஒரு கணம் யோசித்துவிட்டு எழுந்து நிற்கும். அதற்குள் படித்துக்கொண்டிருந்த வரி எங்கோ மேலே போயிருக்கும். "இதெல்லாம் ஒரு பிரச்னையா? ஆட்டோ ரொட்டேட்டை ஆஃப் பண்ணிட்டுப் போ" என்று சொல்பவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஆஃப் செய்யத் தெரிந்தவருக்கு அது ஒரு தட்டு. தெரியாதவருக்கு தினமும் ஒரு அவதி. ஆஃப் செய்த பிறகும் அடங்காத ஆப்கள் வேறு இருக்கின்றன, அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மதியம் சாப்பிட்டதும் பாயில் ஒருக்களித்துப் படுத்து போனில் பேப்பர் படிப்பது அவருக்குப் பழக்கம். கொஞ்ச நாளாக அவர் படுக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே படிப்பதைப் பார்த்தேன். இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஏன்ப்பா, படுத்துக்கிட்டுப் படிக்க வேண்டியதுதானே என்றேன். "இன்னாம்மா பண்றது, நான் படுத்தா அதுவும் படுத்துக்குது. எனக்குத்தான் இத்த புடிக்கத் தெரியல போல" என்றார்.

தனக்குப் பிடிக்கத் தெரியவில்லையாம்! கிரேன் ஏறி இறங்கி உழைத்த மனுஷன், உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் ஒரு பொருளைச் சரியாகப் பிடிக்கத் தனக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு இடுப்பு வலியோடு உட்கார்ந்திருக்கிறார். என் கோபம் முழுக்க இங்கேதான். பொருளில் இருக்கும் குறையைப் பெரியவர்கள் தங்கள் குறை என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம்மிடம் கேட்கவும் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் நாம் போனை வெடுக்கென்று வாங்கி, என்ன செய்தோம் என்று காட்டாமல் சரிசெய்து நீட்டிவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

அது ஏன் இப்படிச் செய்கிறது என்று தெரிந்துகொண்டால் கோபம் இன்னும் கூடும். போனுக்குள் ஆக்சிலரோமீட்டர் என்று ஒரு சென்சார், சில மில்லிமீட்டர் அகலமுள்ள சிப். அதற்குள் சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய ஸ்ப்ரிங்குகளில் ஒரு சின்ன எடை நிற்கிறது. போன் சாயும்போது அந்த எடை துளி நகரும், அந்த நகர்வை மின்சாரமாக அளந்து பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று மூன்று திசைகளில் கணக்குப் போடும். ஆக, தரை எங்கே என்று அதற்குத் தெரியும். என் முகம் எங்கே என்று தெரியாது. நான் ஒருக்களித்துப் படுக்கும்போது என் தலையும் போனும் சேர்ந்தே சாய்கின்றன, என் கண்ணுக்கு எழுத்து நேராகத்தான் இருக்கிறது. சென்சாரோ போன் படுத்துவிட்டது என்று மட்டும் பார்த்துப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறது. போனை மேஜைமேல் மல்லாக்க வைத்தால் அந்தக் கணக்கும் இல்லை. இழுவிசை ஸ்க்ரீனுக்கு நேர் கீழே போய்விடுவதால் எந்த விளிம்பு மேல், எது கீழ் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. கடைசியாக எப்படி இருந்ததோ அப்படியே கிடக்கும். எடுக்கும்போது எந்தப் பக்கம் கொஞ்சம் முதலில் தூக்கினோமோ அந்தப் பக்கம் பாயும்.

டி.எச். ரோடில் பஸ்ஸில் நின்றுகொண்டு போன் பார்ப்பவர்களைக் கேளுங்கள். ஒரு கை கம்பியில், ஒரு கை போனில். கன்டெய்னர் லாரி குறுக்கே வரும், டிரைவர் பிரேக் அடிப்பார், பள்ளத்தில் இறங்கி ஏறும். பிரேக்கின் உலுக்கலையும் பூமியின் இழுவையையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க அந்தச் சென்சாரால் முடியாது, இரண்டையும் கூட்டித்தான் அளக்கும். திடீர் குலுக்கலைப் பொருட்படுத்தாமல் இருக்க மென்பொருளில் ஏற்பாடு இருக்கிறது, உண்மைதான். ஆனால் கூட்டத்தில் நசுங்கி, முழங்கை மடங்கி, போன் சாய்ந்தபடியே இருந்தால் அது திரும்பத்தான் செய்யும். ஒற்றைக் கையால் டிக்கெட்டின் க்யூஆரைத் திறந்து வைத்திருப்போம். படம் படுத்து, பாதி ஸ்க்ரீனுக்கு வெளியே போய்விடும். க்யூஆர் எந்தக் கோணத்தில் இருந்தாலும் படிக்கும்படிதான் அதன் மூன்று மூலைகளிலும் அந்தக் கட்டங்களை வைத்திருக்கிறார்கள். அதற்குப் போனைத் திருப்பும் உதவி தேவையே இல்லை. இருந்தும் திருப்பி, பாதியை மறைத்து, பின்னால் நிற்பவர்களிடம் நம்மைத் திட்டு வாங்க வைக்கிறது.

கல்மண்டபம் மார்க்கெட் பக்கம் நான் பூ வாங்கும் ஆயாவிடம் காசு வந்ததும் சத்தமாகச் சொல்லும் பெட்டி கிடையாது. மெசேஜைப் பார்த்துத்தான் பூவைக் கையில் கொடுப்பார். கூடைக்குப் பக்கத்தில் சாக்கின்மேல் போன் மல்லாக்கக் கிடக்கும். ஈரக் கையைத் துடைத்து எடுப்பார், எடுத்த எடுப்பில் ஸ்க்ரீன் திரும்பும், தொகை இருந்த வரி காணாமல் போகும். இவர் போனைத் திருப்ப, அது எதிர்ப்பக்கம் திரும்ப, "இந்தாம்மா, நீயே பாத்துச் சொல்லு" என்று முன்பின் தெரியாதவர்கள் கையில் போனைக் கொடுக்கிறார். தன் வருமானம் முழுவதும் இருக்கும் போனை! அதில் காசு வந்ததா இல்லையா என்று, காசு கொடுக்க வேண்டியவரிடமே கேட்க வேண்டிய நிலைமை. இதை யாராவது சின்ன விஷயம் என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது.

அடுத்து, பாதி நிரப்பிய படிவம் அழிவது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரும் கரண்ட் பில்லை அப்பா தானே கட்டுவேன் என்பார், ஒரு பணம் கட்டும் ஆப்பில். நீளமான இணைப்பு எண்ணை அட்டையைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகத் தட்டுவார். அட்டையை எடுக்கப் போனைச் சாய்ப்பார். ஸ்க்ரீன் திரும்பும். கட்டம் காலி! ஏன் அழிகிறது என்று பலருக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டில் ஸ்க்ரீன் திரும்பினால், ஆப் எழுதியவர் வேறு ஏற்பாடு செய்யாத பட்சத்தில், இருக்கிற பக்கத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து புதிதாகக் கட்டும். அகலமான அமைப்புக்கு வேறு வடிவம் தேவைப்படலாம் என்பதற்காக வைத்த முறை அது. சாதாரண எழுத்துக் கட்டங்களில் தட்டியதைக் காப்பாற்றும் வசதியும் கூடவே வருகிறது. ஆனால் ஆப்புக்குள் ஒரு வெப்பக்கத்தைத் திறந்து வைத்து, அதைக் காப்பாற்ற எதுவும் எழுதாமல் விட்டால், அந்தப் பக்கம் மறுபடி லோட் ஆகும், தட்டியதெல்லாம் போகும். இது ஆப் எழுதும் எல்லோருக்கும் முதல் பாடத்திலேயே சொல்லித்தரும் விஷயம். பணம் கட்டும் ஆப்பில் இதைக் கவனிக்காமல் விடுவது சோம்பேறித்தனம், வேறு பெயர் கிடையாது. ஓடிபி பக்கத்தில் இப்படி நடந்தால் பணம் போனதா இல்லையா என்ற பதற்றம் வேறு. வயசானவர்கள் அதற்குப் பயந்தே கவுன்டருக்கு நடக்கிறார்கள்.

சரி, நிறுத்தும் வழி. ஆண்ட்ராய்டு போனில் மேலிருந்து கீழே இழுங்கள், பொத்தான்கள் கொஞ்சம்தான் தெரிந்தால் இன்னொரு தடவை இழுங்கள். ஆட்டோ ரொட்டேட் என்று ஒன்று இருக்கும், தட்டி அணைத்துவிடுங்கள். சாம்சங் போன்களில் அணைத்ததும் அதே பொத்தானின் பெயர் போர்ட்ரெய்ட் என்று மாறும், பயப்பட வேண்டாம். ஒரு முக்கியமான சங்கதி: அணைக்கும்போது ஸ்க்ரீன் எப்படி இருக்கிறதோ அப்படியே நிற்கும், அதனால் நேராகப் பிடித்துக்கொண்டு தட்ட வேண்டும். ஐபோனில் முகம் பார்த்துத் திறக்கும் மாடல் என்றால் வலது மேல் மூலையிலிருந்து இழுக்க வேண்டும், கீழே பட்டன் உள்ள பழைய மாடல் என்றால் அடியிலிருந்து மேலே. வட்ட அம்புக்குள் பூட்டுப் படம் இருக்கும், அதைத் தட்டினால் நேர்நிலையில் பூட்டிக்கொள்ளும்.

இவ்வளவுதான். ஆனால் இதை எங்கே வைத்திருக்கிறார்கள் பாருங்கள். இழுத்து, மறுபடி இழுத்து, பக்கவாட்டில் தள்ளி, படத்தைப் பார்த்து அர்த்தம் புரிந்துகொள்ள வேண்டும். அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்து அவரும் பழகிவிட்டார். ஒரு அப்டேட் வந்தது, பொத்தான் இரண்டாவது பக்கத்துக்குப் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து.

கையால் தொட்டே கண்டுபிடிக்கும் பட்டன் ஒரு காலத்தில் இருந்தது. 2010-ல் வந்த முதல் ஐபேடின் பக்கவாட்டில் ஸ்க்ரீன் சுழல்வதைப் பூட்டுவதற்கென்றே ஒரு சுவிட்ச் வைத்திருந்தார்கள். அதே வருஷக் கடைசியில் ஒரு அப்டேட்டில் அதைச் சத்தத்தை நிறுத்தும் சுவிட்சாக மாற்றிவிட்டார்கள். பயன்படுத்தியவர்கள் சண்டை போட்டார்கள். 2011 மார்ச்சில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதியைக் கொடுத்தார்கள். 2007-ல் வந்த முதல் ஐபோனில் ஸ்க்ரீன் தானே திரும்பியது, பூட்டும் வசதியோ 2010-ல்தான் ஐபோன்களுக்கு வந்தது. திருப்புவதை முதலில் யோசித்தார்கள், நிறுத்துவதைப் பிறகுதான் யோசித்தார்கள். வரிசை அன்றைக்கே தப்பு.

இப்போது அடங்காத ஆப்களுக்கு வருகிறேன். ஆப் எழுதும்போது ஸ்க்ரீன் எப்படித் திரும்பலாம் என்று குறிப்பிட ஒரு இடம் உண்டு. போன்காரர் பூட்டியிருந்தால் மதித்து நில் என்றும் அங்கே எழுதலாம், பூட்டியிருந்தாலும் கவலையில்லை, சென்சார் சொல்வதைக் கேள் என்றும் எழுதலாம். இரண்டுக்கும் ஒரு வரிதான் செலவு. ஆனாலும் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்! நான் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு போன பிறகு, வாடகைக்கு வந்தவர் தன்னிடம் இன்னொரு சாவி வைத்துக்கொண்டு திறப்பதற்குச் சமம் இது. முழு ஸ்க்ரீனில் வீடியோ பார்க்க நானே தட்டினால் படுக்கட்டும், அது நான் கேட்டது. கேட்காதபோது ஏன்? ஒரு ஆப்பின் பிடிவாதத்தைப் போனால் மீற முடியாதா என்றால், முடியும். 2025-ல் வந்த ஆண்ட்ராய்டு 16, தனக்காகத் தயாரித்த ஆப்கள் டேப்லெட் போன்ற பெரிய திரையில் "நான் இப்படித்தான் நிற்பேன்" என்று போடும் நிபந்தனையைக் கண்டுகொள்வதில்லை, விளையாட்டு ஆப்களைத் தவிர. டேப்லெட்டுக்காக ஆப்பை அடக்கத் தெரிந்தவர்களுக்கு, என் பூட்டுக்காக அடக்கத் தெரியாதா?

கேமராவால் முகத்தைப் பார்த்துத் திருப்பும் வசதி 2021-ல் ஆண்ட்ராய்டு 12-இல் வந்தது, சில போன்களில் மட்டும். படுத்திருப்பவருக்கு அது உதவும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கரண்ட் போன ராத்திரியில் மொட்டைமாடியில் பாய் போட்டுப் படுத்திருக்கும்போது எந்த வெளிச்சத்தில் முகத்தைப் பார்க்கும்? ஒரு பொத்தானை ஒழுங்காகக் கண்ணில் படும்படி வைத்தால் தீரும் விஷயத்துக்கு என் முகத்தைக் கேமராவில் பார்க்க வேண்டிய அவசியமும் எனக்குப் புரியவில்லை.

இதைவிட எளிமையாக, மரியாதையாக ஒன்றை 2018-லேயே செய்துவிட்டார்கள், ஆண்ட்ராய்டு 9-இல். சுழற்சியைப் பூட்டிவிட்டுப் போனைச் சாய்த்தால் ஸ்க்ரீன் அசையாது. கீழே ஓரத்தில் சின்னதாக ஒரு படம் மட்டும் வரும். திருப்பட்டுமா என்று கேட்கிற மாதிரி. தட்டினால் திரும்பும், விட்டால் அது மறைந்துவிடும். இவ்வளவு நல்ல ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, அதைப் பூட்டியவர்களுக்கு மட்டும் காட்டுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு புதுப் போனிலும் ஆட்டோ ரொட்டேட் ஆன் ஆகித்தான் இருந்தது. பூட்டத் தெரியாத பூக்கார ஆயா போன்றவர்களுக்கு அந்தச் சின்னப் படம் கண்ணிலேயே படப் போவதில்லை.

புதுப் போனை முதலில் ஆன் செய்ததும் மொழி கேட்கிறார்கள், வைஃபை கேட்கிறார்கள், விரல் ரேகை கேட்கிறார்கள், எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்றுகூடச் சில போன்களில் கேட்கிறார்கள். அதோடு சேர்த்து இதையும் தமிழில், பெரிய எழுத்தில் கேட்கட்டும்: ஸ்க்ரீன் தானாகத் திரும்பலாமா, உங்களைக் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டுமா? எதுவும் சொல்லாமல் தாண்டிப் போனால் கேட்டுவிட்டுத் திரும்புவதாகவே இருக்கட்டும். ஒருவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அதை மீறும் உரிமை எந்த ஆப்புக்கும் இருக்கக் கூடாது.